பூனை மிதித்த பலகை

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடக் கூடாது என்பது சித்தப்பாவின் கொள்கை. "காலியா விட்டா சோம்பேறின்னு நெனைப்பாங்க" என்பார். அதனால்தான், தான் பிழைக்க வந்த வெளிநாட்டில், ஊரிலிருந்து வந்த மனைவியின் அக்கா மகளைக் கல்லூரியில் சேர்த்தபோது, 'பொழுதுபோக்கு' என்றிருந்த கட்டத்தில் அவளை ஒரு வார்த்தை கேட்காமலே 'நடனம்' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.

அவளுக்கு நடனம் தெரியாது. நடனம் கிடக்கட்டும், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி நடக்கவே தெரியாது.

அதற்குக் காரணம் உண்டு. அவள் வளர்ந்தது ஒரு மாடிப் போர்ஷனில். கீழே வீட்டு ஓனர். மாடியில் ஒரு டம்ளர் உருண்டால் போதும், ஒட்டடைக் கம்பை எடுத்துத் தன் தலைக்கு மேலே இடிப்பார். டொக், டொக். அது மாடியில் இருப்பவர்களின் உள்ளங்காலில் வந்து குத்தும். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். அப்பா கடிகார ரிப்பேர்காரர். தொழிலே சத்தமில்லாத தொழில். நாற்காலிக் கால்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினார். கதவு விளிம்பில் துணி சுற்றினார். மகளுக்குக் குதிகால் தரையில் படாமல் நடக்கக் கற்றுக் கொடுத்தார். "என் பூனை" என்று பெருமையாகச் சொல்லுவார். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவள் வந்திருக்கிறாளா இல்லையா என்று வாத்தியார் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்பேர்ப்பட்ட பூனைக்குத்தான் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. வெளிநாட்டு மாணவர் தினத்துக்கு நடனக் குழு அமைக்கிறோம், உங்களுக்கு நடனத்தில் ஆர்வம் என்று அறிந்து மகிழ்ச்சி, புதன்கிழமை மாலை நாலு மணிக்கு உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரவும்.

"என்ன சித்தப்பா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"வேற என்னம்மா எழுதறது? தூக்கம்னு எழுத முடியுமா?"

"போய் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"தாராளமா சொல்லிட்டு வா. வாய் இருக்குல்ல?"

வாய் இருந்தது. திறக்கத்தான் இல்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் ஏழு பேர் இருந்தார்கள், ஏழு நாட்டுப் பிள்ளைகள். நர்ஸ் படிப்பு படிக்கிற ரெட்டைச்சடைக்காரி ஒருத்திதான் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். கூடவே, நின்றால் விளக்கில் தலை இடிக்கும் போலிருந்த ஒரு பையன். பூனை மனசுக்குள் அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டாள். எல்லோரும் அந்த நாட்டு மொழியைத் தட்டுத் தடுமாறித்தான் பேசினார்கள். ஆனால் தடுமாறுவதைப் பற்றிக் கவலையே படாமல் பேசினார்கள்.

"எட்டாவது ஆளு வந்தாச்சு!" என்று ரெட்டைச்சடைக்காரி அவள் கையைப் பிடித்து வரிசையின் கடைசியில் நிறுத்தினாள். "ரொம்ப சுலபம். எட்டு எண்ணுவோம். அந்த எட்டுக்குள்ள ஒருத்தர் தன்னோட ஊர் ஆட்டத்தை ஆடணும். அடுத்த எட்டு அடுத்த ஆளுக்கு. நீ என்ன ஆடுவே?"

பூனை விழித்தாள்.

"சரி, யோசிச்சு வை."

ஏழு பேரும் ஆடினார்கள். ஒருத்தி இடுப்பைச் சுழற்றினாள், ஒருவன் முழங்காலைத் தட்டினான், கொக்கு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பம்பரமானான். அவள் முறை வந்தது. எல்லோரும் கைதட்டி எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு வரைக்கும் அவள் கம்பம் மாதிரி நின்றாள். யாரோ சிரித்தார்கள். ரெட்டைச்சடைக்காரி திரும்பி முறைத்தாள்.

"அவளோட எட்டு அவளுக்குத்தான். வேற யாருக்கும் கொடுக்கறதா இல்ல. அடுத்த வாரம் ஆடுவா."

அடுத்த வாரமும் ஆடவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஆறு புதன்கிழமைகள் ஏழு பேரும் அவளுக்காக எட்டு எண்ணினார்கள். ஆறு தடவையும் அவள் நின்றாள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் இனி வரவில்லை என்று சொல்வதற்கும் ஒரு வாய் வேண்டுமே.

வகுப்பிலும் இதே கதைதான். அவள் படித்தது ரத்தப் பரிசோதனைக்கூடப் படிப்பு. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் அவளைப் போல் சரியாகச் சொல்ல அந்த வகுப்பில் ஆள் கிடையாது. ஆனால் ஒரு நாள், கண்டதை எல்லார் முன்னாலும் நின்று சொல்லச் சொன்னார்கள். எழுந்து போனாள், நின்றாள், முப்பது முகங்களைப் பார்த்தாள், கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். கதவு சாத்திய சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை.

அன்றைக்கே அலுவலகத்தில் ஒரு தாள் வாங்கினாள். படிப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்கிற தாள். பேர் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், தேதியை மட்டும் விட்டுவைத்தாள். மாதக் கடைசித் திங்களுக்குள் கொடுத்தால் போதும். அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் வழக்கம்போல மெல்லிய குரலில், "முடியலைன்னா வந்துடும்மா. நான் என்ன சொல்லப் போறேன்" என்றார். சித்தியிடம் சொல்லவில்லை. அவளிடம் சொல்லத் தைரியம் இருந்தால் அந்தத் தாளே தேவைப்பட்டிருக்காது.

* * *

சித்தியும் சித்தப்பாவும் சலவைக்கடை வைத்திருந்தார்கள். கீழே கடை, மேலே வீடு. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள்தான் முக்கிய வேலை. தினம் காலையில் வண்டி வந்து அழுக்கை இறக்கிவிட்டு, வெளுத்ததை ஏற்றிக்கொண்டு போகும். வெளியே குளிர்காலத்து மழை நாள் முழுக்க நசநசவென்று பெய்யும். உள்ளே நாலு டிரையர்களும் உருளை இஸ்திரி மெஷினும் சேர்ந்து விடுகிற ஆவி, ஜன்னல் கண்ணாடியில் வேர்வையாக வழியும்.

அந்த மாதம் ஈரத் துணிக் கூடையைத் தூக்கும்போது சித்தப்பாவின் தோள்மூட்டு இறங்கிவிட்டது. கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சித்தி ஒருத்தியால் துவைக்கலாம், காய வைக்கலாம். விரிப்பு மடிக்க முடியாது. அதற்கு எதிரெதிரே இரண்டு பேர் வேண்டும்.

"அடியே பூனை, காலேஜ் விட்டா நேரா கடைக்கு வா" என்றாள் சித்தி. "மடிக்கிறது என்ன மலையைப் புரட்டற வேலையா?"

மலையைப் புரட்டுகிற வேலைதான் என்பது முதல் விரிப்பிலேயே தெரிந்தது.

ஈரத்தரையில் கால் படாமல் இருக்க, மடிக்கிற இடத்தில் நீளமான மரப்பலகைத் தளம் போட்டிருந்தார்கள். ஒரு முனையில் சித்தி, மறுமுனையில் பூனை. விரிப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் நடுவில் ஒரு வெள்ளைச் சுவர். எதிராளி முகம் தெரியாது. டிரையர் போடுகிற சத்தத்தில் பேச்சும் சரியாகக் கேட்காது. சித்தி பலகையை இரண்டு தரம் ஓங்கி மிதித்துவிட்டு விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். பூனையின் விரல்களிலிருந்து அது வழுக்கிக்கொண்டு போய், தரையில் தேங்கிக் கிடந்த சோப்புத் தண்ணீரில் விழுந்தது.

"இழுக்கறேன்னு சொன்னேன்ல? பிடிக்கிறதுக்கு என்ன?"

"எப்போ சித்தி சொன்னீங்க?"

"ரெண்டு மிதி மிதிச்சேனே, காலு மரத்துப் போச்சா?"

ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சித்தப்பா சிரித்தார். "அவளுக்கு நம்ம பாஷையைச் சொல்லிக் கொடுக்காமலே திட்டறியே. இங்க பாரும்மா. ஒரு மிதின்னா, மூலையைப் பிடிச்சுட்டேன்னு அர்த்தம். ரெண்டு மிதின்னா, இழுக்கப் போறேன், கெட்டியா பிடி. மூணு மிதின்னா, மடிச்சாச்சு, ரெண்டு பேரும் நடுவுக்கு வரணும். வந்து மூலையைக் கையில கொடுத்துட்டு, தொங்கற மடிப்பை எடுத்துக்கிட்டுப் பின்னால போ. அவ்வளவுதான். பதினோரு வருஷமா வாயாலயா பேசிக்கிட்டோம்? எல்லாம் காலாலதான்."

"ஆமா, இவர் வாயாலப் பேசினா மட்டும் விளங்கிடுமாக்கும்" என்றாள் சித்தி.

"உங்க சித்திக்குக் கோபம்னா நாலாவது மிதி ஒண்ணு வரும். அதுக்கு அர்த்தம் உனக்கு வேணாம்."

அடுத்த விரிப்பு. பூனை மூலையைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் மிதித்தாள். சித்தி விரிப்புக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டே நின்றாள். நேரம் போனது.

"பிடிச்சியா இல்லியாடி?"

"மிதிச்சேன் சித்தி."

"எங்க மிதிச்சே? மேகத்துலயா?"

இன்னொரு தரம் மிதித்தாள். குதிகால் பலகைக்கு ஒரு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. பதினைந்து வருஷப் பழக்கம். கால் அதுவாகவே நின்றுகொண்டது. எங்கிருந்தோ ஒட்டடைக் கம்பு வரும் என்று அது இன்னும் பயந்துகொண்டிருந்தது.

சித்தி விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே அவளிடம் வந்தாள்.

"யாருக்குப் பயந்து நடக்கறே?"

பூனை தன் காலைப் பார்த்தாள்.

"உங்கப்பன் வீட்டு ஓனருக்கா? அவன் எத்தனையோ கடல் தாண்டிக் கெடக்கான். இந்தப் பலகைக்குக் கீழ என்ன இருக்கு தெரியுமா? சாக்கடை. சாக்கடை வந்து உன்னைக் கேக்குமா? மிதி."

மிதித்தாள். தப் என்று ஒரு சின்னச் சத்தம்.

"இது கொசு அடிக்கிற சத்தம். மிதிடி!"

"சித்தி..."

"நூத்தி எம்பது விரிப்பு கெடக்கு. நாளைக்குக் காலையில வண்டிக்காரன் வந்து நின்னுக்கிட்டு என் மூஞ்சியைப் பார்ப்பான். நோயாளிங்களை வெறும் கட்டில்ல படுக்க வெக்கவா? உன் காலுக்காக அவங்க காத்திருக்கணுமா? மிதி!"

எந்த வார்த்தை போய் எங்கே தைத்ததோ. பூனையின் வலது குதிகால் இறங்கியது. பலகை திடும் என்றது. சித்தப்பா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு டொக் டொக்குக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. டிரையர்தான் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சு" என்றாள் சித்தி, திரும்பித் தன் முனைக்குப் போய்க்கொண்டே.

அன்றைக்கு அவர்கள் முடித்தபோது பருப்பும் சோறும் ஆறிப்போயிருந்தன. மூன்று பேரும் முட்டையைப் பொரித்துப் போட்டுக்கொண்டு அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். பூனையின் குதிகால் விண்விண்ணென்று தெறித்தது. அந்த வலியில் என்னவோ ஒரு ருசி இருந்தது.

* * *

இரண்டு வாரம் தினமும் மடித்தாள். ஒன்று, பிடித்தேன். இரண்டு, இழு. மூன்று, வா. நாலடி முன்னால், மூலையைக் கொடு, குனி, மடிப்பை எடு, நாலடி பின்னால். நாலாவது டிரையரில் தேய்ந்துபோன ஏதோ ஒன்று தடக்தடக் என்று அடித்துக்கொண்டே இருக்கும்; கால்கள் அதையே தாளமாக எடுத்துக்கொண்டன. பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடக் கால் தானாகத் தட்டியது.

எட்டாவது புதன்கிழமை, உடற்பயிற்சிக் கூடத்தில் வழக்கம்போல அவள் முறை வந்தது. வழக்கம்போல ஏழு பேரும் கைதட்டி எண்ண ஆரம்பித்தார்கள்.

ஒன்று என்றதும் அவள் வலது கால் மிதித்தது.

அவள் சொல்லி அது மிதிக்கவில்லை. கூடத்தின் தரை மரத்தரை. அந்தத் திடும் சுவரில் போய் முட்டித் திரும்பியது. கைதட்டல் ஒரு கணம் தடுமாறிப் பிறகு தொடர்ந்தது. இரண்டு மிதி. கைகள் மேலே போய் இல்லாத விரிப்பின் இரண்டு மூலைகளை இழுத்துப் பிடித்தன. மூன்று மிதி. நாலடி முன்னால் போனாள். எதிரே கொக்கு நின்றுகொண்டிருந்தான். அவள் நீட்டிய வெறுங்கையை அவன் பார்த்தான். என்ன தோன்றியதோ, தானும் கையை நீட்டி அந்த இல்லாத மூலைகளை வாங்கிக்கொண்டான். அவள் குனிந்து இல்லாத மடிப்பை எடுத்துக்கொண்டு நாலடி பின்னால் வந்தாள். எட்டு முடிந்தது.

யாரும் அடுத்த எட்டை எண்ணவில்லை.

"இதுதான் உங்க நாட்டு நடனமா?" என்று கேட்டாள் ரெட்டைச்சடைக்காரி.

பூனைக்கு முகம் சிவந்தது. ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது. வாய் திறந்தபோது வேறு வந்தது.

"இல்ல. எங்க சித்தியோட சலவைக்கடை. நாங்க இப்படித்தான் துணி மடிப்போம்."

எட்டு வாரத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். கொக்கு மட்டும், "மூணு மிதிச்சா நான் வரணுமா, நீ வருவியா?" என்று கேட்டான்.

"ரெண்டு பேருமே வரணும். நடுவுல. இல்ல, அப்படி இல்ல... கையை இன்னும் மேல தூக்கு. மூஞ்சி தெரியக் கூடாது. தெரிஞ்சா விரிப்பு தரையில படுதுன்னு அர்த்தம்."

சொல்லிக்கொண்டே போனாள். ஒருத்தியின் முழங்கையைத் தூக்கிவிட்டாள். ஒருவன் மெதுவாக மிதித்தான். "எங்க மிதிச்சே? மேகத்துலயா?" என்று அதட்டினாள். அதட்டியது தன் வாய்தானா என்று பிறகுதான் திடுக்கிட்டாள். அன்றைக்கு எட்டு பேரும் நாலு ஜோடியாக நின்று மடித்தார்கள். அவளுடைய ஒரு எட்டு, நிகழ்ச்சியின் கடைசிப் பகுதி முழுவதுமாகவே ஆகிவிட்டது.

* * *

வியாழக்கிழமை மதியம் கொக்கு சலவைக்கடைக்கே வந்து நின்றான். நிஜமாக எப்படி மடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். கையில் போன்; படம் எடுக்க வேண்டுமாம். சனிக்கிழமை மாணவர் தின மேடையில் பின்னால் அதைத் திரையில் காட்டுவார்களாம். அவனுடைய உடைந்த மொழியிலும் விஷயம் சித்திக்குத் தெளிவாகவே புரிந்தது. அவள் முகம் மாறியது. அவனுக்கு மரியாதையாக ஒரு டீ கொடுத்து, வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"என்னடி இது?"

"நாங்க ஆடப் போறோம் சித்தி. இந்த மடிக்கிறதை."

"இதைப் போய் ஆடுவாங்களா? ஊருக்கு ஒரு ஆட்டம் இருக்கும்னு கேக்கறான், நீ போய் அழுக்குத்துணியைக் காட்டறியா?"

"அழுக்குத்துணி இல்லியே சித்தி. வெளுத்ததைத்தானே மடிக்கிறோம்."

"வாயைப் பாரு, இப்பத்தான் முளைச்சிருக்கு!" சித்தி ஈரக் கையை வேலைக்குப் போடுகிற மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். "ஊர்ல நம்மளைப் பத்தி என்ன சொல்லி வெச்சிருக்கேன்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். துணி பிசினஸ் என்று சொல்லி வைத்திருந்தாள். அப்பா உள்பட எல்லோரும், சித்தி கண்ணாடி போட்ட கடையில் பட்டும் பருத்தியுமாய் விற்றுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே வந்து இறங்கிய முதல் நாளே, "அங்க போய் உளறிடாதே" என்று பூனையிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். யாரிடமும் எதையும் உளறாதவளிடம் வாங்கிய சத்தியம்.

"விடேன்" என்றார் சித்தப்பா. "துணி பிசினஸ்தானே. துணி இருக்கு, பிசினஸ் இருக்கு."

"நீங்க சும்மா இருங்க. இன்னிக்கு மேடையில ஏறும். நாளைக்கு எவனாவது போன்ல போடுவான். நாளன்னிக்கு என் நாத்தனார் பார்ப்பா. 'ஐயோ பாவம், அடுத்தவன் படுத்த துணியைத் துவைக்கவா அவ்வளவு தூரம் போனா'ன்னு வீடு வீடா சொல்லுவா. பதினோரு வருஷமா என் மானத்தைக் கசங்காம வெச்சிருக்கேன்டி. அதை மேடையில வெச்சு மடிச்சுடாதே."

குரல் கடைசியில் கம்மிப்போனது. திட்டியிருந்தால் பூனை தாங்கியிருப்பாள்.

"ஆடலை சித்தி" என்றாள். "விடுங்க. நான் ஆடலை."

வெள்ளிக்கிழமை கடையில் மிதிச் சத்தத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை. அதிலும் பூனையின் மிதி வரவரச் சுருங்கிக்கொண்டே வந்து, சாயங்காலம் பழையபடி ஓசையே இல்லாமல் போய்விட்டது. இரண்டு விரிப்புகள் தண்ணீரில் விழுந்தன. சித்தி திட்டாமல் குனிந்து எடுத்து மறுபடியும் மெஷினில் போட்டாள்.

சலவைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் துணியானாலும் பையைத் துழாவாமல் மெஷினில் போட மாட்டார்கள். ஒரு பேனா மறைந்திருந்தால் போதும், ஐம்பது வெள்ளை விரிப்பு நீலமாகிவிடும். வீட்டுத் துணிகளைப் போடும்போது சித்தி பூனையின் கோட்டுப் பையில் கையை விட்டாள். நாலாய் மடித்த தாள் ஒன்று வந்தது. பிரித்தாள். அந்த நாட்டு மொழியைப் பேசுவதைவிட அவள் நன்றாகவே படிப்பாள். இரண்டு தரம் படித்துவிட்டு, மெஷின் மேல் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். அக்கா கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அவளுக்கு விரிப்பு மாற்றிப் போட்டது ஞாபகம் வந்தது. அக்காவின் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் மாற்றினாள். அந்தப் பிள்ளையும் அப்போதே சத்தம் போடாது.

* * *

சனிக்கிழமை காலை பூனை எழுந்து வந்தபோது மழை விட்டிருந்தது. சமையலறை மேஜையில் ரொட்டியும் டீயும் இருந்தன. பக்கத்தில், கத்தி மாதிரி விளிம்புகள் நிற்க இஸ்திரி போட்டு நாலு வெள்ளை விரிப்புகள் அடுக்கியிருந்தன.

"என்ன சித்தி இது?"

"வெறுங்கையால காத்தை மடிச்சா பார்க்கிறவங்களுக்கு என்ன புரியும்? நாலு ஜோடின்னு அந்த ஒட்டகச்சிவிங்கி சொன்னான்ல. ஜோடிக்கு ஒண்ணு. கிழியாம கொண்டு வரணும், ஆஸ்பத்திரி சொத்து."

"நேத்து ஆட வேணாம்னு..."

"நேத்து சொன்னது நேத்து." சித்தி டீயை உறிஞ்சினாள். பிறகு அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். "உன் பையில இருந்துச்சு. துவைக்கலை. தேதி போடாம வெச்சிருக்கே. தேதி போடறியா, இல்ல துவைச்சுடட்டுமா? இப்ப சொல்ல வேணாம். ஆடிட்டு வந்து சொல்லு."

"உங்க நாத்தனார்..."

"அவ புருஷனுக்கு என்ன வேலைன்னு கேட்டா மட்டும் அவ நேரா பதில் சொல்றாளா? போடி."

மேடை மரமேடை. அரங்கில் இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். கடைசி வரிசைக்கும் பின்னால் சித்தி உட்காராமல் நின்றாள், வேலை மேலங்கியைக் கழற்ற மறந்து. பக்கத்தில் கையைக் கட்டித் தொங்கவிட்ட சித்தப்பா. பூனை அவர்களைப் பார்த்தாள். பிறகு முகங்களைப் பார்த்தாள். வகுப்புக் கதவு மாதிரியே மேடை ஓரத்திலும் ஒரு கதவு இருந்தது. திறந்தே இருந்தது.

ஏழு பேரின் எட்டுகளும் முடிந்தன. அவள் மிதித்தாள்.

ஒன்று. மேடை முழங்கியது. மற்ற மூன்று ஜோடிகளும் பதிலுக்கு மிதித்தார்கள். இரண்டு. நாலு விரிப்புகள் பளிச்சென்று விறைத்து நின்றன, மேடையில் மனிதர்களே தெரியவில்லை, வெறும் வெள்ளை. மூன்று. நாலடி முன்னால். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் கொக்கு விளக்கு வெளிச்சத்தில் கண் கூசி, தன் மூலையை விட்டுவிட்டான். ஆஸ்பத்திரி விரிப்பு சரிந்தது.

"மூலையைப் பிடிடா!" என்று கத்தினாள் பூனை.

தமிழில்தான் கத்தினாள். அரங்கின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்விட்டு வந்தது அந்தக் குரல். கொக்குக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் தரையை விரிப்பு தொடுவதற்கு முன்பே பாய்ந்து பிடித்துவிட்டான். அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே அவள் இரண்டு மிதி மிதித்து விரிப்பை இழுத்தாள். குதிகால் எரிந்தது. விட்டேனா பார் என்று மிதித்தாள். கடைசி மடிப்பு முடிந்து, நாலு விரிப்பும் நாலு கச்சிதமான சதுரமாக அவள் கையில் அடுக்கப்பட்டபோது, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்து நின்றாள். கைதட்டல் வந்ததும் ஓடிப்போய்விடவில்லை.

"உங்க சித்தி அழுதான்னு சொன்னா என்னை அடிப்பா" என்றார் சித்தப்பா வெளியே வந்ததும். "அதனால சொல்லலை. ஆனா ஒண்ணு சொல்றேன், அவ காலு சும்மா இல்ல. நீ மிதிக்க மிதிக்க இவளும் மிதிச்சா. முன்னால இருந்த ஆளு ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தான்."

"மூணாவது மடிப்பு கோணல்" என்றாள் சித்தி. "வீட்டுக்குப் போய் மறுபடி மடிக்கணும்."

பஸ்ஸில் வரும்போது பூனை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சித்தி, அந்தத் தாளைத் துவைச்சுடுங்க."

"சோப்புப் போட்டா, போடாமலா?"

"கொதிக்கிற தண்ணியில."

* * *

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்தாள். சித்தி காய்ந்த துணிகளைப் பிரித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். பூனை கடைப் பலகைத் தளத்தின் மேல் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டே பேசினாள்.

"திங்கக்கிழமை கடைசி நாளுன்னு சொன்னியேம்மா" என்றார் அப்பா, மூச்சுக் காற்றில் பேசுகிற மாதிரி. "டிக்கெட்டுக்குச் சொல்லி வெக்கட்டுமா?"

"வேணாம்பா. நான் வரலை. படிச்சு முடிச்சுட்டு வரேன். வகுப்புல மறுபடியும் நின்னு சொல்றேன்னு வாத்தியார்கிட்ட சொல்லப் போறேன்."

அப்பா "சரிம்மா" என்றார். பிறகு, "அங்க என்னம்மா சத்தம்? திடும் திடும்னு? சித்தி கடையில மரவேலை ஏதாவது நடக்குதா?"

பூனை நின்றாள். சித்தியைப் பார்த்தாள். சித்தி ஒரு விரிப்பை உதறிவிட்டு, சொல்லு என்பது போல முகவாயை உயர்த்தினாள்.

"சித்தி கடை சலவைக்கடைப்பா. ஆஸ்பத்திரித் துணி மடிக்கிறோம். சத்தம் நான்தான். நடக்கறேன்."

"நீயா?"

"நான்தான்பா."

போனில் ஓசையே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று அவள் பார்த்தாள். போகவில்லை. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது, டியூப் மாட்டிய கால்களோடு, கேட்டும் கேட்காமலும். அது நகர்ந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம், கடல்களுக்கு அப்பால், அந்த மாடிப் போர்ஷனின் தரையில் ஒரு மிதி விழுந்தது. கூச்சத்தோடு, வயதான குதிகாலோடு. தும்.

உடனே கீழேயிருந்து ஒட்டடைக் கம்பு. டொக், டொக்.

"அப்பா?"

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. சிரித்துக்கொண்டே, இன்னும் ஓங்கி, இன்னொரு தரம் மிதித்தார்.